வெயிலுக்கு எதிரே இருந்த உன் முகம்

இன்று காலை கடையைத் திறந்து கொம்பியூட்டரைப் போட்டபோது, திரையின் ஓரத்தில் நீ ஒட்டிவைத்திருந்த கடதாசித் துண்டு பசை விட்டு விழுந்தது. மூன்று வருடமாக அது அங்கேதான் இருந்தது. கடதாசி மஞ்சளாகி மை வெளிறிப் போயிருந்தது. எடுத்து வாசித்தேன். "வட்டம் 60. அளவு 15. அவசரப்படாதை." முதல் இரண்டும் படத்துக்கு எழுதியவை. மூன்றாவது எனக்கு. எதையும் பொறுத்திருந்து செய்யத் தெரியாதவள் நான் என்று உனக்குத் தெரியும், அதனால்தான் என் கண்ணுக்கு நேரே ஒட்டினாய். அன்றைக்கு அதைக் கண்டு எனக்கு எரிச்சல்தான் வந்தது. இன்றைக்கு அதைக் கையில் வைத்துக்கொண்டு, அடையாள அட்டைப் படம் எடுக்க வந்த மனிசி வாசலில் நிற்பதும் தெரியாமல் அழுதேனடி. அந்த மனிசி பயந்துபோய், "நான் பேந்து வாறன் பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கடை என்னவோ என் அண்ணனுடையது. அவர் பிரான்சுக்குப் போனபிறகு பூட்டியே கிடந்தது. சமாதானம் என்று சொன்ன அந்தச் சில வருடத்தில் சனம் ஊர்காவற்றுறைக்குத் திரும்பிவந்து, கலியாணமும் சாமத்திய வீடும் பெருகியபோது, அண்ணன் ரெலிபோன் எடுத்து, "பிலிமை விடு, இனிக் கொம்பியூட்டர்தான். ஆரையாவது துணைக்கு வைச்சுக்கொண்டு நடத்து" என்றார். துணைக்கு என்றதும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். யாழ்ப்பாணத்தில் ஆறு மாதக் கொம்பியூட்டர் வகுப்புக்கும் ஒன்றாகத்தான் பஸ் ஏறினோம். வகுப்பில் நான் கதைத்துக்கொண்டிருந்தேன், நீ எழுதிக்கொண்டிருந்தாய். அப்படித்தான் கமரா என் கைக்கும் கொம்பியூட்டர் உன் கைக்கும் வந்தன. சரவணையிலிருந்து சைக்கிளில் வருவாய். முகத்தைக் கழுவிக்கொண்டு கதிரையில் இருந்தால், "எடி, சோறு காயுது" என்று நான் ஏசும்வரை எழும்பமாட்டாய்.

வருகிற சனம் எல்லாம் ஒன்றையே கேட்கும். "பிள்ளை, ஆளைக் கொஞ்சம் வெள்ளையாக்கி விடும்." நான், "அதுக்கென்ன, செய்யலாம்" என்பேன். உள்ளே நீ பல்லைக் கடிப்பாய். வெள்ளையாக்கினால் முகத்தின் மேடு பள்ளம் எல்லாம் அழிந்து, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். இரண்டு கண்ணும் ஒரு வாயும்தான் மிஞ்சும். "பெத்த தாய் வந்து நிண்டாலும் இந்தப் படத்தை வைச்சுப் பிள்ளையைக் கண்டுபிடிக்க ஏலாது" என்று முணுமுணுத்துக்கொண்டே செய்து கொடுப்பாய்.

நீ சத்தம் போட்டு நான் கேட்டது ஒரே ஒரு முறைதான். முதல் நன்மை எடுத்த ஒரு பெட்டைப் பிள்ளையின் படம் அது. தகரக் கொட்டகைக்குள் நான் பிளாஷ் அடித்து எடுத்ததில், வெள்ளைச் சட்டை பால் ஊற்றினமாதிரி ஒரே வெள்ளையாய்க் கிடந்தது. தாய் ஒரு மாதம் இருந்து கையால் நூலில் பின்னி ஓரத்தில் பிடித்த றேந்தை அதில் இருந்த இடமே தெரியவில்லை. "சரி, என்ன செய்யிறது, குடுத்துவிடுவம்" என்று நான் விட்டுவிட்டேன். பின்னேரம்போல உள்ளேயிருந்து, "எடி, ஓடி வா! ஓடி வந்து பார்!" என்று கத்தினாய். கரப்பான் பூச்சியோ என்று நான் விளக்குமாற்றுடன் ஓடிவந்தேன். திரையில் அந்தச் சட்டை. றேந்தையின் ஒவ்வொரு கண்ணியும் எண்ணக்கூடியதாக இருந்தது. பிள்ளையின் கன்னத்தில் பூனைமயிர்கூடத் தெரிந்தது.

படத்தைக் கூர்மையாக்குகிற பெட்டி ஒன்று கொம்பியூட்டரில் இருந்தது, எனக்கும் தெரியும். அளவு என்று ஒன்று, வட்டம் என்று ஒன்று. வகுப்பில் சொல்லித்தந்தபடி எல்லாரும் அளவைக் கூட்டி வட்டத்தைச் சின்னதாக வைப்பார்கள். அப்போது ஓரங்கள் வெட்டினமாதிரி வரும். நீ அதைத் தலைகீழாக்கியிருந்தாய். வட்டத்தை நன்றாகப் பெருப்பித்து, அளவை மெல்லியதாக வைத்திருந்தாய். "ஒவ்வொரு புள்ளியும் தன்ர அயலட்டையைப் பாத்துத்தான் தான் வெளிச்சமோ இருட்டோ எண்டு முடிவெடுக்குது. வட்டத்தைப் பெருப்பிச்சா அயல் பெருக்கும், அவ்வளவுதான். முழுப்படத்தையும் வெளிச்சமாக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்றாய். எனக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் நீ அடுத்துச் சொன்னது நன்றாக விளங்கியது. "இதில புதுசா ஒண்டும் நான் கொண்டுவரேல்லை. எல்லாம் முதலே இருந்ததுதான். ஆனா அளவு கூடினா இல்லாததும் வரும், கவனம்." அடுத்த நாள் அந்தத் தாய் வந்து, படத்திலிருந்த றேந்தையை விரலால் தடவிப் பார்த்தார். காசைக் கொடுக்கவும் மறந்து, கொஞ்சத் தூரம் போய்த்தான் திரும்பி ஓடிவந்தார்.

அதற்குப் பிறகு நீ ஒவ்வொரு படத்தையும் அப்படித்தான் பார்த்தாய். ஒரு முகத்துக்கு அரை நாள். முகத்துக்கு மட்டும் கொடுப்பாய், வானத்துக்குக் கொடுக்கமாட்டாய். கண்ணுக்குக் கீழே கொஞ்சம் குறைப்பாய், கைவிரல்களுக்குக் கொஞ்சம் கூட்டுவாய். நான் பின்னால் நின்று, "போதுமடி, காணும், பஸ் போகப்போகுது" என்று உயிரை வாங்குவேன். பெரிய படங்களை இறுவட்டில் போட்டு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பித்தான் பிறின்ற் எடுக்கவேண்டும், காலை பஸ்ஸை விட்டால் ஒரு நாள் போய்விடும். நீ திரும்பிப் பாராமல், "அடுத்த பஸ் இல்லையே?" என்பாய். அப்படியே காலம் போயிருந்தால் எவ்வளவு நல்லது. என் அவசரம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது, றீற்றா அக்காவின் படத்தில்.

றீற்றா அக்காவின் மனிசன் சூசை அண்ணை கடலுக்குப் போய் வரவில்லை. படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அப்படிக் காணாமற் போனவர்கள் சிலர் காற்றுக்கு இழுபட்டு இந்தியாக் கரையில் ஒதுங்கி, அங்கே மறியலில் அடைபட்டிருந்து, ஆறு மாதம் கழித்துத் தாடியும் மீசையுமாக வந்து நின்ற கதைகள் நம் ஊரில் உண்டு. றீற்றா அக்கா அந்த நம்பிக்கையில் இருந்தா. துக்கத்துக்குக் கறுப்பு உடுக்கமாட்டேன் என்று மாமியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தா. தேடுகிறவர்களிடம் கொடுக்க முகம் தெரிகிற படம் ஒன்று வேண்டும். அவவிடம் இருந்ததோ ஒரே ஒரு படம். கரையில் கிழிந்த வலை பொத்தும்போது யாரோ எடுத்தது. தொப்பி நிழலில் முகம் கரிச்சட்டியாய்க் கிடந்தது. "தங்கச்சி, இவரின்ர முகத்தை வெளிய எடுத்துத் தருவியோ?" என்று உன்னிடம்தான் கேட்டா. நீ, "ஓம் அக்கா, ரெண்டு மூண்டு நாள் தாங்கோ" என்றாய்.

சனிக்கிழமை நீ காய்ச்சலோடு பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாய், பிறகு ஒரு கிழமை வரவில்லை. ஞாயிறு பூசை முடிந்து நான் கடைக்கு வந்தேன். திங்கள் காலை பஸ்ஸுக்கு அதையும் போட்டுவிட்டால் ஒரு வேலை முடிந்தது என்று நினைத்தேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன், சத்தியமாய். உன் கதிரையில் இருந்து அளவைப் பிடித்து இழுத்தேன். முகம் வந்தது. இன்னும் இழுத்தேன். மீசை வந்தது, கண் வந்தது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கடைசிவரை இழுத்துவிட்டேன். தலையைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு விழுந்ததைக் கண்டேன்தான். பின்னால் கடல்தானே, வெயிலாக்கும் என்று விட்டுவிட்டேன். பிறின்ற் வந்ததும் சட்டமும் போட்டு, நீ வருமுன்பே கொடுத்தும்விட்டேன்.

படத்தை வாங்க றீற்றா அக்காவோடு மாமியும் வந்திருந்தா. கிழவி படத்தைக் கையில் எடுத்தா. பார்த்தா. அப்படியே நிலத்தில் முழங்கால் படியிட்டுச் சிலுவை போட்டா. "என்ர பிள்ளையின்ர தலையைச் சுத்தி வெளிச்சம்! மாதாவே, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போட்டியே!" சந்தியில் நின்ற சனமெல்லாம் கடைக்குள் வந்துவிட்டது. ஒருவர் பார்த்து மற்றவருக்குக் காட்டினார். எல்லாரும் சிலுவை போட்டார்கள். நான் வாயைத் திறந்து, "ஐயோ, அது என்ர பிழை, கொம்பியூட்டர் கோடு" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கிழவியின் முகத்தைப் பார்க்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் வெட்கக்கேடு என்பதுதான் காரணம். றீற்றா அக்கா மாமியின் பின்னால் போனா. அடுத்த ஞாயிறு கோயிலுக்குக் கறுப்புச் சீலையில் வந்தா.

அடுத்த கிழமையே இரண்டு வீட்டார் வந்து, "சூசையின்ர படத்துக்குச் செய்தமாதிரி எங்கடை ஐயாவுக்கும் வெளிச்சம் வைச்சுத் தாங்கோ" என்று கேட்டார்கள். அப்போதுதான் உனக்கு விசயம் தெரிந்தது. நீ அந்தப் படத்தைத் திறந்து பார்த்தாய். வெகு நேரம் பார்த்தாய். பிறகு கதிரையைத் திருப்பி, சத்தம் போடாமல் சொன்னாய்: "நீ உயிரோட இருக்கக்கூடிய ஒரு மனிசனைச் சாக்காட்டிப் போட்டாய்."

நீ கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். என் வாய் இருக்கிறதே, அது பிழை செய்தபிறகுதான் இன்னும் நீளும். போன மாதம்தான் உனக்குப் பேசிய சம்பந்தம் ஒன்று குழம்பியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் படத்தைப் பார்த்துவிட்டு, பொம்பிளை கறுப்பு என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் படத்தை வெள்ளையாக்கச் சொல்லி உன் அம்மா அழுதும் நீ மாட்டேன் என்றாய். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன். "உன்ர படத்தை ஒருக்கா வெள்ளையாக்கிக் குடுத்திருந்தா இப்ப நீயும் ஒருத்தனோட இருந்திருப்பாய். ஒருத்தனும் கேட்டு வராத உனக்கு மற்றவையின்ர புருசன்மாரைப் பற்றி என்ன தெரியும்?" இதைச் சொன்ன நான் மட்டும் என்ன, கட்டி நாலு பிள்ளை பெற்றவளா? நீ எழும்பினாய். சைக்கிள் திறப்பை எடுத்தாய். போய்விட்டாய்.

நீ போனாலும் வேலையைக் கைவிடவில்லை. அடுத்த நாள் வந்து, என்னோடு ஒரு சொல்லும் கதைக்காமல், சூசை அண்ணையின் படத்தை முதலிலிருந்து செய்தாய். இரண்டு நாள். தொப்பி நிழலுக்குள்ளேயிருந்து ஒரு மனிசன் மெல்ல மெல்ல வந்தார். அம்மைத் தழும்பு, ஒரு பக்கம் சரிந்த இமை, காலைவெயிலுக்குச் சுருங்கிய நெற்றி. நீயே கொண்டுபோய் றீற்றா அக்காவிடம் கொடுத்தாய். அவ அதை மாமிக்குத் தெரியாமல் விசாரிக்கிற கந்தோர்களுக்குக் கொண்டு அலைந்தா என்று பிறகு கேள்விப்பட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

இரண்டு கிழமை நீயும் நானும் ஒரே அறையில் ஊமைகளாக இருந்தோம். நயினாதீவில் ஒரு கலியாணம் முதலே ஒப்புக்கொண்டது, போகத்தான் வேண்டும். பஸ்ஸில் நீ முன்னால் இருந்தாய், நான் பின்னால். மடத்துவெளியில் ஆட்கள் இறங்கி என் பக்கத்து இருக்கை காலியானது. நீ திரும்பிப் பார்த்தாய். வருவாய் என்று நினைத்தேன். வரவில்லை. குறிகட்டுவானில் படகேறி நீ முன் அணியத்தில் இருந்தாய். கமராவைச் சரிபார்க்கிறமாதிரி நான் அதைக் கண்ணில் வைத்து உன் பக்கம் திருப்பினேன். உனக்குப் பின்னால் வெயில். நீ நேரே என்னைப் பார்த்தாய். பொத்தானை அமர்த்திவிட்டேன். அந்த நேரம் உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. கண் கூசியது. படத்திலும் முகம் கறுப்பாகத்தான் விழுந்தது.

அதற்குப் பிறகு நாட்கள் ஓடிவிட்டன. சண்டை திரும்பத் தொடங்கி, பாதை பூட்டி, ஊரடங்கும் வந்தது. உன் வீட்டார் யாழ்ப்பாணத்தில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டார்கள். உனக்குக் கடும் வருத்தம், ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வைத்தியத்துக்காகக் கொழும்புக்குப் போகக் கப்பலுக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறாய் என்றார்கள். வரவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். பாதையைச் சாட்டினேன், பயண அனுமதிப் பாஸைச் சாட்டினேன். உண்மையில் உன் முன்னால் வந்து நிற்கப் பயம். கடைசியில் ஒருநாள் வெளிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ நித்திரை. அம்மா, "எழுப்பட்டே பிள்ளை?" என்று கேட்டா. "வேண்டாம், படுக்கட்டும்" என்றேன். ஒரு மணித்தியாலம் உன் காலடியில் இருந்துவிட்டு, கடைசிப் பஸ்ஸுக்கு நேரம் என்று எழும்பி வந்தேன். நான் அவசரப்பட்டு வெளிக்கிட்ட கடைசி இடம் அதுதான். நாலு நாளில் செய்தி வந்தது.

என்னை மன்னித்தாயா என்று கேட்க இனி ஆளில்லை. இந்த இரண்டு வருடமும் நான் சாப்பிட்டதும் படுத்ததும் அந்த ஒரு கேள்வியோடுதான். கடையில் உன் கதிரையில் நானேதான் இருக்கிறேன். வேறு பிள்ளையை வைக்கச் சொல்லி அண்ணன் ஏசுகிறார். வைக்க மனமில்லை. பின்னால் நின்று யாராவது, "காணுமடி, பஸ் போகப்போகுது" என்று என்னைக் கரைச்சல்படுத்தினால்கூட நல்லது போல இருக்கும்.

இந்த வருடம் சண்டை எல்லாம் முடிந்தது என்று சொன்னபிறகு உன் அம்மா சரவணைக்குத் திரும்பிவந்தா. போன மாதம் கடைப்படி ஏறி வந்து, வாங்கில் இருந்து மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னா: "ஆண்டுத் திவசம் வருது பிள்ளை. இந்த முறை ஊரில செய்யப்போறன். மாட்டி வைச்சு ஒரு பூ வைக்க அவளின்ர படம் ஒண்டுமில்லை. இடம்பெயரேக்கை அலுமாரியோட எல்லாம் போச்சு. உன்னட்டை ஒண்டெண்டாலும் இருக்குமே?"

எங்கே இருக்கும்? நீதான் கமராவுக்குள் விழுந்த உன் படத்தையெல்லாம் அழித்தவளாயிற்றே. "என்ர மூஞ்சியைப் போட்டு இடத்தை நிரப்பாதை" என்பாய். நான் இரண்டு நாள் இறுவட்டுகளைக் கிண்டினேன். கலியாணப் படங்களுக்கு முன்னால், படகில் எடுத்த அந்த ஒன்று மட்டும் இருந்தது. அம்மாவுக்குச் சொன்னேன். "வெள்ளையா, வடிவாச் செய்து தா, என்ன? அவள் ஆருக்கும் இனிக் கறுப்பாய் இருக்க வேண்டாம்" என்றா. நான் ஓம் என்று தலையை ஆட்டினேன்.

வேலையைத் தொடங்கினேன். இந்தக் கறுப்புக்குள்ளேதான் என் கேள்விக்கு மறுமொழி இருந்தது. அந்த நேரம் என்னைப் பார்த்த உன் முகத்தில் கோபமா, இல்லையா? வட்டம் 60, அளவு 15. முதலில் நெற்றி வந்தது. காற்றுக்குப் பறந்த மயிர் ஒவ்வொன்றாகப் பிரிந்தது. பிறகு புருவம், மூக்கின் ஓரம், காதில் சின்னத் தோடு. ஒவ்வொன்றாக நீ வந்துகொண்டிருந்தாய். என்னால் சில நேரம் பார்க்க முடியவில்லை. எழும்பிப் போய்க் குசினியில் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். வாய் மட்டும் வரவில்லை. அது இருட்டாகவே கிடந்தது.

பொறுக்க முடியாமல் அளவைக் கூட்டினேன். நாற்பதில் உன் வாயோரம் மேலே எழும்பியது. சிரிக்கிறாய்! மேசையில் தலையை வைத்து ஒப்பாரி வைத்தேன். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, இன்னும் தெளிவாகப் பார்ப்போம் என்று எழுபதுக்குக் கொண்டுபோனேன். அதே வாயோரம் கடித்துப் பிடித்த கோடாக மாறிவிட்டது. அப்படி ஒரு வெறுப்பு. திரும்ப நாற்பது, சிரிப்பு. திரும்ப எழுபது, வெறுப்பு. கிட்டப் போய்ப் பெருப்பித்துப் பார்த்தால் அங்கே வாயே இல்லை. சதுரம் சதுரமாகப் புள்ளிகள். இல்லாததும் வரும் என்று நீ சொன்னது அதுதான். நான் எதைக் கேட்கிறேனோ அதைத் தரக்கூடிய இருட்டு அது. ஐந்து நாள் அதன் முன்னால் இருந்தேன்.

கடைசியில் இரண்டு பிறின்ற் எடுத்தேன். ஒன்று நாற்பதில், நீ சிரிக்கிற படம். கன்னத்தின் மேடு பள்ளத்தை ஒப்பரவாக்கி, அம்மா கேட்டமாதிரி கொஞ்சம் வெள்ளையும் ஆக்கியது. மற்றது பதினைந்தில், நீ நீயாகவே இருக்கிற படம். கறுப்பு, நெற்றி நரம்பு, ஒன்றும் சொல்லாத வாய். இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு சரவணைக்கு வந்தேன். சிரிக்கிறதைக் கொடுப்பது என்று முடிவெடுத்துத்தான் வந்தேன். அம்மாவுக்கும் சந்தோசம். சுவரில் நீ சிரித்துக்கொண்டிருந்தால், கொஞ்ச நாள் போக நானும் அதை நம்பிவிடுவேன்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கையை நீட்டினா. அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு றீற்றா அக்காவின் மாமி முழங்கால் படியிட்டது கண்ணுக்குள் வந்தது. இன்னொரு தாய்க்கும் அதைச் செய்ய என்னால் ஏலாமல் போய்விட்டது. மற்றதை எடுத்துக் கொடுத்தேன். "அம்மா, வெள்ளையாக்கேல்லை. அவள் விடமாட்டாள்" என்றேன். அம்மா அதை வாங்கினா. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தா. நெற்றியைத் தடவினா. மயிரைத் தடவினா. பிறகு கன்னத்தில் விரலை வைத்தபடி நின்றுவிட்டா.

"உதென்ன, ஒரு பக்கம் உப்பிக் கிடக்கு?"

நானும் எட்டிப் பார்த்தேன். ஐந்து நாளும் வாயை மட்டுமே பார்த்தவளுக்குக் கன்னம் எங்கே தெரியப்போகிறது? இடது கன்னம் மெல்லியதாகப் புடைத்திருந்தது. சிரிக்கிற படத்தில் அதைத்தான் நான் ஒப்பரவாக்கி அழித்திருந்தேன்.

அம்மா சிரித்தா. சிரித்துக்கொண்டே அழுதா. "கள்ளி, ஊறுகாய் அடக்கிக்கொண்டு இருக்கிறாள் பார்! கடலெண்டா இவளுக்கு வயித்தைப் பிரட்டும். தேசிக்காய் ஊறுகாய் ஒரு துண்டு கடைவாயிலை வைக்காமல் படகேறமாட்டாள்." பிறகு என் பக்கம் திரும்பி, "ஆரடி குடுத்தது? நயினாதீவுக் கலியாணத்துக்குப் போன அண்டைக்கு விடிய என்னோட சண்டை பிடிச்சுக்கொண்டு வெளிக்கிட்டவள். போத்தலிலை ஒரு துண்டும் மிச்சம் வைக்கேல்லை, படகிலை நான் சத்தியெடுத்துச் சாகிறதோ எண்டு ஏசிப்போட்டுத்தான் போனவள்" என்றா.

இதை நான் மேலே எழுதவில்லை. எழுத வெட்கமாக இருந்தது. குறிகட்டுவானில் படகேறுமுன், மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வராமல், கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்த ஊறுகாய்த் துண்டை உன் கைக்குள் திணித்துவிட்டு ஓடியவள் நான். நீ அதைப் பார்க்கவும் இல்லை. பொத்திய கையைப் படகுக்கு வெளியே தொங்கவிட்டபடி போய் இருந்தாய். கடலில் போட்டுவிட்டாய் என்றுதான் இவ்வளவு காலமும் இருந்தேன்.

அம்மாவின் கையிலிருந்து படத்தை வாங்கினேன். அவ தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனா. நான் உன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். தேசிக்காய் ஊறுகாய் லேசில் கரையாது. தோல் மெதுவாகி, உப்பு இறங்கி, ஒரு துண்டு முடிய நயினாதீவு வந்துவிடும். அவ்வளவு நேரமும் அது உன் வாயில் இருந்திருக்கிறது.